சத்தம் நின்ற பிறகு

பிப்ரவரி 3

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். முழுச் சுகம் என்று எழுத மனம் வரவில்லை. நீ எப்படி இருக்கிறாய்? போன மாதம் இருமல் என்றாயே, விட்டதா?

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று யோசிப்பாய். வீட்டில் இருப்பது ஒரே போன். நான் பேசத் தொடங்கினால் உன் அத்தான் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு, "என்னவாம், என்னவாம்" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். அவரைப் பற்றியே அவர் காதில் விழாமல் சொல்ல வேண்டியிருக்கிறது.

அவர் விரல்கள் வெளுத்துப்போகின்றன. காலையில் எழுந்ததும் வலது கையில் நடுவிரலும் மோதிர விரலும் மெழுகுவர்த்தி நிறத்தில் இருக்கும். கிள்ளினாலும் தெரிவதில்லை. வெந்நீர்ப் பாத்திரத்தை அரைமணி நேரம் அணைத்துக்கொண்டு உட்கார்ந்த பிறகுதான் ரத்தம் ஓடுகிறது. சட்டைப் பொத்தானை நான்தான் போட்டுவிடுகிறேன். "இப்பத்தான் கல்யாணம் ஆன மாதிரி இருக்கு" என்று கேலி செய்கிறார். போன வாரம் டீ டம்ளர் கையிலிருந்து நழுவி உடைந்தது. அப்போது கேலி எதுவும் செய்யவில்லை.

டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். இருபது வருஷம் மரம் அறுக்கிற மெஷினை அதிர அதிரப் பிடித்த கை இப்படித்தான் ஆகும், மெஷினைக் குறைக்காவிட்டால் கயிற்றைக்கூடப் பிடிக்க முடியாத நாள் வரும் என்றார் அவர். வெளியே வந்ததும் உன் அத்தான், "அந்த டாக்டர வேணா வந்து கையால கிளைய ஒடிச்சுப் போடச் சொல்லு" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முப்பது அடி உயரத்தில் நிற்கிற மனுஷனுக்குக் கை சொன்னபடி கேட்காவிட்டால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும்.

நீ அந்த ஊர் ஆஸ்பத்திரியில் மரம் பார்க்கும் வேலைக்குப் போய் இரண்டு வருஷம் ஆகிறது. உன் இடத்தில் நான் மரத்துக்குக் கீழே, வெட்டிய கிளையை இறக்கும் கயிறு பிடிக்க நின்றும் அதே இரண்டு வருஷம். போகுமுன் ஒரு வாரம் என்னை நிற்க வைத்துச் சொல்லிக்கொடுத்தாயே, "மெஷின் சத்தம் இருக்குற வரைக்கும் மரத்துக்குக் கீழ போகாத. சத்தம் நின்னா போ. வேற எதையும் யோசிக்காத" என்று. அதைப் பிடித்துக்கொண்டுதான் இன்றுவரை ஒரு கீறல் இல்லாமல் இருக்கிறேன். அந்த இரைச்சலில் நாங்கள் இரண்டு பேரும் காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரு வார்த்தை பேசுவதில்லை. சண்டை வராமல் இருக்க இதைவிட நல்ல வழி கிடையாது என்கிறார் அவர்.

உங்கள் பக்கம் இதற்கு ஏதாவது வழி வைத்திருக்கிறார்களா, கேட்டு எழுது. நான் எழுதியதாக அவரிடம் மூச்சு விடாதே. வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா

*

பிப்ரவரி 19

அன்புள்ள அக்காவுக்கு,

இருமல் விட்டது. இங்கே என் அறையில் கூட இருக்கும் எலெக்ட்ரீஷியனுக்கு ஒட்டிக்கொண்டுவிட்டது, அவ்வளவுதான். உன் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். அத்தான் கையிலிருந்து டம்ளர் விழுவதை நினைத்தே பார்க்க முடியவில்லை. அந்தக் கையை நம்பி ஆறு வருஷம் கீழே நின்றவன் நான்.

வழி இருக்கிறது. நாங்கள் பார்ப்பது ஒரு பெரிய ஆஸ்பத்திரி வளாகம். நானூறு மரம். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நோயாளிகள் படுத்திருப்பதால் பெட்ரோல் மெஷின் கேட்டைத் தாண்டி உள்ளே வரக்கூடாது. எல்லாம் பேட்டரிதான். வந்த புதிதில் நானும் பார்த்துவிட்டு, தலைமுடி வெட்டுகிற மெஷின் மாதிரி இருக்கிறதே என்று சிரித்தேன். இப்போது பெட்ரோல் மெஷினை யாராவது கொடுத்தால் இரண்டடி பின்னால் போவேன்.

மரத்தின் மேல் ஒரு கையால் கிளையைக் கட்டிக்கொண்டு, இன்னொரு கையால் அந்த ஸ்டார்ட்டர் கயிற்றை இழுத்து இழுத்து அத்தான் படும் பாடு உனக்குத் தெரியும். இதில் விரலை வைத்தால் ஓடும், எடுத்தால் நிற்கும். புகை கிடையாது. பெட்ரோலில் ஆயில் கலக்க வேண்டாம், பிளக்கைக் கழற்றித் துடைக்க வேண்டாம். அதிர்வு அறவே இல்லை என்று பொய் சொல்லமாட்டேன், ஆனால் பெட்ரோலில் பாதிகூட இல்லை. செயினுக்கு ஆயில் ஊற்றுவதும் அரம் போட்டுக் கூர் தீட்டுவதும் பழையபடிதான். குறை என்றால், தடித்த அடிமரத்தில் போட்டால் இருபது நிமிஷத்தில் ஒரு பேட்டரி மூச்சு வாங்கிவிடும். நாள் முழுக்க அடிமரம் அறுப்பதற்குப் பெட்ரோல்தான் ராஜா. ஏறி நின்று செய்யும் வேலைக்கு இது தாராளம்.

ஒரு மெஷினும் இரண்டு பேட்டரியும் அடுத்த வாரம் பார்சலில் வரும். நானாகவே அனுப்பினேன் என்று சொல்லிவிடு. இங்கே எங்களுக்கு இதில் இரண்டு நாள் பயிற்சி வைத்தார்கள். அதையெல்லாம் எழுதினால் அத்தான், "நேத்துவரைக்கும் எனக்குக் கயிறு பிடிச்சவன் பாடம் எடுக்கிறான்" என்பார். அவர் கைக்குச் சொல்லிக்கொடுக்க என்ன இருக்கிறது? பிடித்த மாத்திரத்தில் தெரிந்துகொள்வார்.

கையை வெந்நீரில் மட்டும் வைத்தால் போதாது, வெளியே போகும்போது கையுறை போடச் சொல். உன் முட்டிவலி எப்படி?

தம்பி

*

ஏப்ரல் 10

அன்புள்ள தம்பிக்கு,

முட்டி இருக்கிற இடத்தில் இருக்கிறது. நீ நலம்தானே? எலெக்ட்ரீஷியனின் இருமலும் நின்றிருக்கும் என்று நம்புகிறேன்.

மெஷின் வந்து சேர்ந்தது. உடனே எழுதாததற்குக் காரணம், எழுத நல்லதாக ஒன்றும் இல்லை. உன் அத்தான் பெட்டியைப் பிரித்து, கையில் தூக்கிப் பார்த்து, விசையை ஒரு தடவை அழுத்தினார். "ஏண்டி, இதுல சட்னி அரைக்கலாமா?" என்று கேட்டுவிட்டு என் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். மூன்று வாரம் அது அங்கேயே கிடந்தது. நானும் வாயைத் திறக்கவில்லை. நான் சொன்னால் வேண்டுமென்றே தொடமாட்டார்.

கடைசியில் அவரை மடக்கியது ஓர் ஆயா. குழந்தைகள் காப்பகம் ஒன்றின் பின்பக்கம் கூரைமேல் சாய்ந்த கிளைகளை வெட்டப் போனோம். பெட்ரோல் மெஷினை ஸ்டார்ட் செய்ததுதான் தாமதம், உள்ளேயிருந்து ஓடி வந்தாள். "இப்பத்தான் பதினெட்டுப் பிள்ளைங்களத் தூங்க வச்சேன். ஒண்ணு முழிச்சாலும் உன்கிட்டதான் கொண்டுவந்து விடுவேன். நீதான் தாலாட்டுப் பாடணும்!" என்றாள். இவர் அரைமணி நேரம் மரத்தடியில் உட்கார்ந்து பார்த்தார். பிறகு என்னிடம் முகத்தைக் காட்டாமல், "வீட்டுக்குப் போய் அந்தச் சட்னி மெஷின எடுத்துட்டு வா" என்றார்.

ஒரு பிள்ளையும் எழுந்திருக்கவில்லை. இறங்கி வந்தவர் விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்தார். "கை சும்மா இருந்த மாதிரி இருக்கே" என்றார், அதில் ஏதோ ஏமாற்று வேலை இருக்கிற மாதிரி. அதற்குப் பிறகு சின்ன வேலை எல்லாம் அதில்தான். போன வெள்ளிக்கிழமை சட்டைப் பொத்தானை அவரே போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றார். நான் அடுப்படிக்குப் போய்க் கொஞ்சம் அழுதுவிட்டு வந்தேன். இதை யாரிடமும் சொல்லிவிடாதே.

எனக்கு ஒன்றுதான் புதுசாக இருக்கிறது. பெட்ரோல் மெஷின் சும்மா வைத்திருந்தாலும் பொருமிக்கொண்டே இருக்குமே, இது அப்படி இல்லை. விரலை எடுத்தால் அடுத்த நொடி அமைதி. இலை விழுவதுகூடக் கேட்கிறது. அது எனக்குப் பிடித்திருக்கிறது.

நீ நன்றாக இருக்க வேண்டும். உன் கைக்கும் கையுறை போடு.

உன் அக்கா

*

ஏப்ரல் 24

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமாக இருக்கிறேன், அதிலும் உன் கடிதம் வந்ததிலிருந்து கால் தரையில் படவில்லை. ஆயாவின் வசனத்தை எங்கள் மேஸ்திரிக்குப் படித்துக் காட்டினேன். அந்த அம்மாவை இங்கே வேலைக்குக் கூப்பிடலாம் என்கிறார்.

சின்ன வேலையோடு நிறுத்த வேண்டாம் என்று அத்தானிடம் சொல். பெரிய மரத்தில் போட்டுப் பார்க்கட்டும். தடித்த கிளையாக இருந்தால் கீழே ஒரு வெட்டுப் போட்டு, மேலே வந்து இன்னொரு வெட்டு. பெட்ரோலில் செய்கிற அதே முறைதான். பயமே வேண்டாம்.

விரல்கள் இப்போது எப்படி? ஒவ்வொரு விரலாகக் கேட்டு எழுது.

தம்பி

*

ஜூன் 28

அன்புத் தம்பி,

நலம். நீ நலமா. உன் இரண்டு கடிதமும் வந்தது. வேலை அதிகம், அதனால் எழுதவில்லை. போன் ரிப்பேர். மெஷின் நன்றாக இருக்கிறது. பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கிறோம். இங்கே ஒன்றும் விசேஷம் இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

*

ஜூலை 8

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீ நலம் என்று எழுதியிருப்பதை நம்ப முடியவில்லை.

உன் எழுத்து எனக்குத் தெரியாதா? கோடு போட்ட மாதிரி எழுதுவாய். இந்தக் கடிதத்தில் ஒவ்வொரு எழுத்தும் ஒவ்வொரு பக்கம் சாய்ந்து கிடக்கிறது. ஐந்து வரிக்கு மேல் இல்லை. அத்தானைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, கேலி இல்லை, என்னைத் திட்டக்கூட இல்லை. ஆறு வாரமாகக் கூப்பிடுகிறேன், யாரும் எடுக்கவில்லை; அத்தனை நாள் ரிப்பேரில் இருக்கும் போன் எந்த உலகத்தில் இருக்கிறது? வேலை அதிகம் என்கிறாய், மெஷின் பெட்டியில் இருக்கிறது என்கிறாய். வேலை இருந்தால் மெஷின் ஏன் பெட்டியில் இருக்கிறது?

அத்தானுக்கு ஏதாவது ஆகிவிட்டதா? மரத்திலிருந்து விழுந்துவிட்டாரா? எதுவாக இருந்தாலும் எழுது. பத்து நாளில் பதில் வராவிட்டால் லீவு போட்டுக் கிளம்பிவிடுவேன்.

தம்பி

*

ஜூலை 19

மாப்பிள்ளைக்கு,

அத்தான் எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன், மரத்திலிருந்து விழவில்லை. உன் கடிதத்தை உன் அக்கா அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்திருந்தாள். எடுத்துப் படித்தேன். போன் நன்றாகத்தான் இருக்கிறது. அவள் என்னை எடுக்க விடுவதில்லை.

அடிபட்டது அவளுக்கு. மே மாதம் பதினேழாம் தேதி. உயிருக்கு ஒன்றும் இல்லை, முதலில் அதைத் தெரிந்துகொள். வலது பக்கம் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே காறை எலும்பு முறிந்தது, தோளிலும் அடி. கட்டு பிரித்தாயிற்று. கை தோள் உயரம் வரை வருகிறது, அதற்கு மேல் வரவில்லை. உனக்கு எழுதியது இடது கையால்.

நடந்ததைச் சொல்கிறேன். ஒரு மருந்துக்கடைக்குப் பின்னால் பெரிய யூகலிப்டஸ். என் தொடை அளவு கிளை, கீழே வெறும் தரை என்பதால் கயிறு கட்டவில்லை. கீழ்வெட்டுப் போட்டேன். மேல்வெட்டுப் பாதி போனது. கால் வைத்த இடம் சரியில்லை, மாற்றி வைக்க விரலை எடுத்தேன். மெஷின் நின்றது. பெட்ரோல் மெஷினாக இருந்தால் பாதி வெட்டில் நான் நிறுத்தவே மாட்டேன், அது ஓடிக்கொண்டுதான் இருக்கும். கிளை விழுந்த பிறகுதான் அணைப்பேன். இத்தனை வருஷமும் அப்படித்தான். அவளுக்குச் சத்தம் நின்றால் வேலை முடிந்தது என்று அர்த்தம். முன்னால் செய்ததெல்லாம் சின்னக் கிளை, ஒரே வெட்டில் விழுகிறவை, அதனால் தெரியவில்லை. அன்று சத்தம் நின்றதும் கீழே கிடந்த கிளைச் சிம்புகளை இழுக்க உள்ளே வந்துவிட்டாள். நான் காலை ஊன்றிக்கொண்டு வெட்டைப் பார்த்தேனே தவிர கீழே பார்க்கவில்லை. மறுபடி அழுத்தினேன். கிளை போகும்போதுதான் பார்த்தேன். கத்தினேன். நிமிர்ந்து விலகினாள், தலையில் விழவேண்டியது தோளில் விழுந்தது.

உனக்கு எழுதக்கூடாது என்று சத்தியம் வாங்கினாள். நீ ஆசையாக அனுப்பியது, தெரிந்தால் உடைந்துபோவாய் என்றாள். நான் சத்தியத்தை மீறிவிட்டேன். எனக்கு மறைக்கத் தெரியவில்லை.

நீ கிளம்பி வர வேண்டாம். உடம்பைப் பார்.

அத்தான்

*

ஆகஸ்ட் 1

அக்கா,

உன் கை எப்படி இருக்கிறது? வலிக்கிறதா? தூக்கம் வருகிறதா? உண்மையை எழுது.

ஒன்று சொல்ல வேண்டும். சொன்ன பிறகு நீ என்னை என்ன நினைத்தாலும் சரி.

இங்கே அந்த இரண்டு நாள் பயிற்சியில் முதல் மணிநேரம் சொன்னதே இதுதான். பேட்டரி மெஷினில் அமைதியை நம்பாதே. மேலே இருப்பவன் வாயைத் திறந்து "வரலாம்" என்று சொல்கிற வரை கீழே இருப்பவன் ஓர் அடி எடுத்து வைக்கக்கூடாது. இதைச் சொல்லிக்கொடுத்தவர் பலகையில் எழுதிக்கூடப் போட்டார். மெஷின் அனுப்பியபோது நான் உனக்கு எழுதிய முதல் கடிதத்தில் இது ஒரு பக்கம் இருந்தது. பிறகு அத்தான் முகம் ஞாபகம் வந்தது. அவருக்குப் போய் நான் கற்றுக்கொடுப்பதா, மரியாதையாக இருக்காதே என்று அந்தக் கடிதத்தைக் கிழித்துவிட்டு வேறு எழுதினேன்.

சத்தம் நின்றால் போ என்று உனக்குச் சொன்னவன் நான். சத்தமில்லாத மெஷினை அனுப்பியவனும் நான். பெரிய மரத்தில் போடு, பயம் வேண்டாம், கீழே ஒரு வெட்டு மேலே ஒரு வெட்டு என்று எழுதினவனும் நான்தான். மே பதினேழாம் தேதி நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். ஞாபகமே இல்லை. கேன்டீனில் சிரித்துப் பேசிக்கொண்டு இருந்திருப்பேன்.

வேலையை விட்டுவிட்டு வந்துவிடுகிறேன். கயிறு நான் பிடிக்கிறேன், நீ வீட்டில் இரு. அந்த மெஷினைக் குப்பையில் போடுங்கள். மேஸ்திரியிடம் பேசிவிட்டேன், மாதக் கடைசியில் விடுவிப்பதாகச் சொல்கிறார்.

என்னை மன்னிக்க வேண்டும் என்று கேட்கக்கூட வாய் வரவில்லை.

தம்பி

*

ஆகஸ்ட் 24

அன்புள்ள தம்பிக்கு,

இது வலது கையால் எழுதுவது. எழுத்து நேராக இருக்கிறதா பார். நாலு வரிக்கு ஒருமுறை கையை இறக்கி வைக்க வேண்டியிருக்கிறது, அதனால் இரண்டு நாளாக எழுதுகிறேன். தூக்கம் வருகிறது. மழை நாளில் மட்டும் வலி. நீ சாப்பிடுவதில்லை என்று உன் எலெக்ட்ரீஷியன் போனில் சொன்னான். ஆம், போன் வேலை செய்கிறது. நான்தான் கூப்பிட்டேன், நீ பேச மாட்டேன் என்று போனை அவனிடம் கொடுத்துவிட்டாயாம்.

உன் கடிதத்தைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. நல்ல கோபம். அன்று முழுக்கப் பாத்திரங்கள்தான் வாங்கிக் கட்டிக்கொண்டன. ஒரு பக்கம் எழுதியிருந்தாய், கிழித்துவிட்டாய். அந்த ஒரு பக்கம் வந்திருந்தால் என் எலும்பு முழுசாக இருந்திருக்கும். இதைச் சொல்லாமல் "பரவாயில்லை தம்பி" என்று எழுதினால் அது பொய். இனிமேல் நமக்குள் பொய் வேண்டாம். நானும் இரண்டு மாதம் மறைத்துப் பொய் எழுதியவள்தான். இந்தக் குடும்பத்தில் உள்ளதை உள்ளபடி எழுதியது உன் அத்தான் ஒருத்தர், அதுவும் சத்தியத்தை மீறி.

கோபம் போன பிறகுதான் இதை எழுதுகிறேன். நீ வராதே.

இங்கே நிலைமை இது. உன் அத்தான் மூன்று மாதமாக மரம் ஏறவில்லை. ஒரே ஒரு நாள், பிடிவாதமாகப் பழைய பெட்ரோல் மெஷினைத் தூக்கிக்கொண்டு, ஒரு கூலி ஆளைக் கூட்டிக்கொண்டு போனார். திரும்பி வந்தபோது ஐந்து விரலும் வெள்ளை. கதவுத் தாழ்ப்பாளைத் திறக்க முடியாமல் வெளியே நின்று என்னைக் கூப்பிட்டார். அது உதவாது என்று அவருக்கே தெரிந்துவிட்டது. பேட்டரி மெஷினை எடுங்கள் என்றால், "அத நான் தொடமாட்டேன். உன்னையும் மரத்துக்குக் கீழ நிக்க விடமாட்டேன்" என்கிறார். ஏதோ கிடங்கு வாசலில் காவலுக்கு ஆள் கேட்கிறார்களாம், போகப்போகிறாராம். கேட்டைத் திறந்து மூடுகிற வேலைக்கு விரல் போதும் என்கிறார். அந்த மனுஷனை நாற்காலியில் உட்கார்த்திப் பார்க்க என்னால் முடியாது.

என்னைப் பற்றியும் யாரும் கேட்கவில்லை. "கயிறு நான் பிடிக்கிறேன், நீ வீட்டில் இரு" என்று நீ எழுதுகிறாய். அவரும் அதையே சொல்கிறார். உன் இடத்தில் நான் ஒப்புக்கு நின்றேன் என்று நினைத்தீர்களா இரண்டு பேரும்? எந்தக் கிளை எந்தப் பக்கம் திரும்பும், எப்போது கயிற்றை விட வேண்டும், எப்போது இழுத்துப் பிடிக்க வேண்டும், எனக்கும் தெரியும். அந்த வேலை எனக்குப் பிடித்திருக்கிறது. டாக்டர், இன்னும் ஆறு வாரத்தில் கயிறு பிடிக்கலாம் என்கிறார்.

நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். கிழித்த பக்கத்தை மறுபடி எழுது. எனக்கு இல்லை, அவருக்கு. பூசி மெழுகாதே. மரியாதை பார்க்காதே. மரியாதை பார்த்து நாம் பட்டது போதும்.

சாப்பிடு. எலெக்ட்ரீஷியனை உளவுக்கு வைத்திருக்கிறேன்.

உன் அக்கா

*

செப்டம்பர் 3

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் விரல்களும் அக்காவின் தோளும் தேறி வர வேண்டும் என்று எந்நேரமும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். நான் சாப்பிடுகிறேன். வேலையை விடவில்லை.

இந்தக் கடிதத்தில் உங்களுக்குப் பாடம் எடுக்கப்போகிறேன். கோபித்துக்கொண்டாலும் கடைசிவரை படித்துவிட்டுக் கோபித்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் மே பதினேழாம் தேதி கீழே பார்க்கவில்லை. அது தவறு. மெஷின் எதுவானாலும் தவறுதான். பெட்ரோல் மெஷினின் இரைச்சல் உங்களுக்காகக் காவல் நின்றதால் இத்தனை வருஷம் தெரியவில்லை. இந்த மெஷின் காவல் நிற்காது. அந்த வேலையை இனி உங்கள் வாய் செய்ய வேண்டும்.

விசையில் விரல் வைக்குமுன் கீழே பார்த்து "வெட்டுறேன்" என்று சத்தமாகச் சொல்லுங்கள். அக்கா "சரி" என்று பதில் சொல்லாமல் விரலை அழுத்தக்கூடாது. அவள் தும்மிக்கொண்டிருந்தாலும் காத்திருங்கள். பாதி வெட்டில் கால் மாற்ற நிறுத்தினால், "இன்னும் முடியல" என்று சொல்ல வேண்டும். மறுபடி அழுத்துமுன் மறுபடி கேட்க வேண்டும். கிளை தரையைத் தொட்டு, மெஷினைப் பூட்டி இடுப்பில் மாட்டிய பிறகுதான் "வரலாம்". அதுவரை அவள் அசையமாட்டாள். இதோடு இன்னொன்று, இது உங்களுக்குப் பிடிக்காது. அக்கா "நிறுத்து" என்றால் ஏன் என்று கேட்காமல் விரலை எடுக்க வேண்டும். மேலே இருப்பவருக்குக் கிளை தெரியும், கீழே இருப்பவளுக்கு மரம் முழுக்கத் தெரியும்.

மரத்தை வீழ்த்திய பிறகு அடிமரத்தை அறுக்கப் பெட்ரோல் மெஷினை வைத்துக்கொள்ளுங்கள். அதையும் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். கூலி ஆளிடம் கொடுத்துவிட்டால் இன்னும் நல்லது.

இதைப் பிப்ரவரியிலேயே எழுதியிருக்க வேண்டும். உங்களுக்குச் சொல்லிக்கொடுக்கக் கூச்சப்பட்டேன். அந்தக் கூச்சத்துக்கு அக்கா எலும்பைக் கொடுத்தாள். கிடங்கு வாசலுக்குப் போகாதீர்கள்.

உங்கள் மாப்பிள்ளை

*

அக்டோபர் 20

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் இரண்டு பேரும் நலம். இந்தத் தடவை யோசிக்காமல் எழுத முடிகிறது. நீ நலமாக இருப்பதாக உளவாளி சொன்னான், எடைகூட ஏறியிருக்கிறாயாம்.

உன் கடிதத்தை அவர் மூன்று தடவை படித்தார். மூன்றாவது தடவை படித்து முடித்து, "பெரிய வாத்தியாரா ஆயிட்டான்" என்றார். ஒரு வாரம் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. பிறகு ஒரு நாள் குளியலறைக்குள் இருந்து "வரலாம்!" என்று ஒரு குரல். துண்டு கேட்கிறார் என்று ஓடினால், பழகிப் பார்க்கிறாராம். அன்றிலிருந்து நானும் தட்டு வைத்துவிட்டு "வரலாம்" என்றுதான் கூப்பிடுகிறேன். நான் "நிறுத்து" என்று சொன்னால் வாயை மூட வேண்டும் என்றும் ஒரு சட்டம் போட்டிருக்கிறேன். அது உன் கடிதத்தில் இல்லை என்று வாதாடுகிறார்.

போன செவ்வாய்க்கிழமை மறுபடி வேலைக்குப் போனோம். நூலகத்தின் பக்கத்துச் சந்தில் ஒரு பெரிய மரம், ஜன்னல்களை மறைத்துக்கொண்டு நின்றது. பெட்டியைத் திறந்து மெஷினை எடுத்துக் கொடுத்தது நான்தான். அவர் அதன் பூட்டை இரண்டு தடவை போட்டு எடுத்துப் பார்த்தார். எனக்குக் கயிற்றைப் பிடித்ததும் தோள் ஒரு தடவை சுண்டியது. பயமாகத்தான் இருந்தது, தம்பி. இல்லை என்று எழுதமாட்டேன்.

"வெட்டுறேன்" என்றார். "சரி" என்றேன். நூலகத்திலிருந்து ஒருவர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார், நாங்கள் என்னவோ சண்டை போடுகிறோம் என்று நினைத்திருப்பார். மூன்று கிளை நல்லபடியாக இறங்கியது. நான்காவது கிளைக்கு அவர் ஏறி நின்று இடுப்புப் பெல்ட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது, மேலேயிருந்து ஏதோ முணுமுணுப்பு கேட்டது. மெஷின் ஓடவில்லை, சந்தில் வண்டி எதுவும் இல்லை. என்னைக் கூப்பிடுகிறார் என்று நினைத்து "என்ன?" என்றேன். "உன்னக் கூப்பிடல" என்றார். ஐந்தாவது கிளைக்கும் அதே முணுமுணுப்பு. காதைக் கொடுத்துக் கேட்டேன்.

"அவ எங்க நிக்கிறா, அவ எங்க நிக்கிறா" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார்.

மதியம் மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிடும்போது கேட்டேன். "எனக்கு அடிபட்டதுல இருந்து இப்படிப் புலம்ப ஆரம்பிச்சிட்டீங்களா?"

"இல்லையே. மரம் ஏற ஆரம்பிச்ச நாள்ல இருந்தே இப்படித்தான். ஒவ்வொரு வெட்டுக்கும் முன்னாடி சொல்லிக்குவேன், சின்னக் கிளைக்கு மனசுக்குள்ள, பெருசுக்கு வாய்விட்டு. அந்த இரைச்சல்ல உனக்கு எங்க கேட்டிருக்கப் போகுது?" என்றவர், கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "அன்னிக்கு ஒரு நாள்தான் சொல்ல மறந்துட்டேன்."

ஏதாவது பேச வேண்டும் என்று, "அப்போ என் தம்பி கயிறு பிடிச்சப்போ?" என்றேன்.

"அப்ப, அவன் எங்க நிக்கிறான்னு. இப்பவும் சில நாள் வாய்தவறி அதுதான் வருது" என்றார்.

சாப்பிட்டு முடித்து அவர் மறுபடி ஏறினார். நான் கயிற்றை எடுத்துக்கொண்டு என் இடத்துக்குப் போனேன். முணுமுணுப்பு கேட்டதும், இந்தத் தடவை சும்மா இருக்கவில்லை. "இங்கதான் நிக்கிறேன்" என்றேன்.

லீவு கிடைக்கும்போது வா. வேலைக்கு வேண்டாம், சும்மா வந்து என் பக்கத்தில் நின்று கேள். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா